வடிவாப் பாருங்கோ

"வடிவா இருக்கு."

எங்கள் புகைப்படக் குழு தொடங்கி முதல் ஆறு மாதமும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கருத்து இவ்வளவுதான். ஒருவர் கொண்டுவந்த படத்தைக் கையில் எடுப்போம், "வடிவா இருக்கு" என்போம், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்போம். அவரும் அதையே சொல்வார். பிறகு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை. ஒருவருக்கும் படம் எடுக்கத் தெரியவும் இல்லை.

நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தைச் சேர்ந்த பெண்கள். 2018 தைப்பொங்கலுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து, எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஐந்து நாள் புகைப்படப் பயிற்சி தந்தாள். போகும்போது தனது பழைய கமராவை எங்களிடம் விட்டுவிட்டு, "மாதத்தில ஒரு நாள் கூடுங்கோ. ஆளுக்கு ரெண்டு படம் கழுவிக் கொண்டு வாங்கோ. ஒராளின்ர படத்தை மற்ற ஆக்கள் பாத்துக் கருத்துச் சொல்லுங்கோ. அப்பதான் கை திருந்தும்" என்றாள். ஒன்பது பேர் சேர்ந்தோம். கமரா ஒன்று, மற்றபடி கைத்தொலைபேசிகள். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் பாய் விரித்து, நடுவில் படங்களைப் பரப்பிவிட்டுச் சுற்றி இருப்போம்.

நான் முன்பள்ளி ஆசிரியை. கமராவுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு படம்தான் காரணம். 2009 மாசியில் இடம்பெயர்ந்து ஓடியபோது கலியாண அல்பம் இருந்த பெட்டியை வழியிலே விட்டுவிட்டோம். சித்திரையில் என் கணவரும் போய்விட்டார். செட்டிகுளம் முகாமில் இருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பியபோது அவருடைய முகம் என்று என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரு அடையாள அட்டைப் பிரதி மட்டும்தான். அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தேன். ஸ்ரூடியோக்காரர் நல்ல மனத்தோடு அவருக்கு ஒரு கோட்டும் ரையும் போட்டுத் தந்தார். வாழ்நாளில் ஒரு நாளும் கோட்டுப் போடாத மனிதர் அவர். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "வடிவா இருக்கு" என்றார்கள். மகன் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது அப்பா மாதிரி இல்லை" என்றான். அவன் சொன்னதுதான் உண்மை. இருக்கிறவர்களையாவது அவர்கள் இருக்கிறபடி எடுத்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது.

எங்கள் குழுவில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறா. இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறா. பிறந்தநாள், சாமத்திய வீடு என்று படம் எடுத்துக் கொடுத்தால் தையலோடு சேர்த்து நாலு காசு வரும் என்பது அவவின் திட்டம். மாதம் தவறாமல் படங்கள் கொண்டுவருவா. அந்தப் படங்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வந்தது. ஆளை யன்னலுக்கு முன்னாலோ வாசலுக்கு முன்னாலோ நிறுத்தி, தான் உள்ளே நின்று எடுப்பா. ஆளுக்குப் பின்னால் வெளிச்சம் அதிகமாக இருந்தால் கமரா அந்த வெளிச்சத்துக்கே தன்னைச் சரிசெய்துகொள்ளும். முகம் கறுத்துவிடும். மற்ற எட்டுப் பேரும் அதைக் கண்டோம். எட்டுப் பேரும் "வடிவா இருக்கு" என்றோம்.

ஆடி மாதம் பக்கத்து ஊரில் ஒரு சாமத்திய வீட்டுக்கு அக்காவைப் பிடித்தார்கள். அவவின் முதல் வேலை. மேடையை யன்னலோடு வைத்து அலங்கரித்திருக்கிறார்கள். பிள்ளையின் கூறைச்சேலை மின்னுகிறது, மாலை மின்னுகிறது, முகம் மட்டும் இருட்டு. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். பிள்ளையின் தாய் அழுதிருக்கிறா. பேசிய காசில் பாதியும் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அக்கா எங்களைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டா.

"உங்களுக்கு இது முன்னமே தெரிஞ்சதோ?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எங்களுக்குள் மூத்தவவான பெரியம்மா, "தெரியும் மோனை. நீ பாவம் எண்டு சொல்லேல்லை" என்றா.

"பாவம் எண்டு விட்டதாலதான் எனக்கு இந்தப் பாவம்" என்றா அக்கா.

சகோதரிகளே, "பாவம்" என்ற சொல்லை நாங்கள் எல்லாரும் நிறையக் கேட்டவர்கள். நிவாரண வரிசையில் கேட்டோம், கந்தோர் வாசலில் கேட்டோம், சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் கேட்டோம். அந்தச் சொல் ஒரு நேரச் சாப்பாட்டைத் தரும், ஆனால் ஒரு தொழிலைத் தராது. "இவளுக்கு இவ்வளவு போதும், இதுக்கு மேல இவளால ஏலாது" என்ற நினைப்பும் அதற்குள் இருக்கிறது. அக்காவின் கையில் படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நாங்களும் அதையேதான் நினைத்திருக்கிறோம். வெளியார் எங்களுக்குச் செய்தபோது மனம் நொந்த ஒன்றை, நாங்களே எங்களுக்குள் செய்திருக்கிறோம்.

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் உள்ளதை உள்ளபடி சொல்வேன். ஆசிரியை அல்லவா, பிழை பிடிப்பது எனக்குப் பழக்கம். ஆனால் அந்த முடிவிலும் நான் பிழைத்துப்போனேன்.

எங்களில் இளையவள் ஒரு தங்கச்சி. அவளுடைய அண்ணன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் அவளுடைய அம்மாவும் போய் இருப்பா. தங்கச்சி கொட்டகைக்குள் அம்மாவை எடுத்த ஒரு படத்தை அந்த மாதம் கொண்டுவந்தாள். அம்மா கதிரையில் இருக்கிறா. மடியில் அண்ணனின் சட்டம் போட்ட படம். அம்மாவின் வலது கை அதன்மேல் மங்கலாகத் தெரிந்தது.

நான் படத்தைக் கையில் எடுத்து அடுக்கிக்கொண்டு போனேன். "கை ஆடிப்போச்சு, தங்கச்சி. மங்கிக் கிடக்கு. அண்ணாவின்ர முகமும் வடிவாத் தெரியேல்லை. பின்னுக்குப் போற கயிறு அம்மாவின்ர தலைக்குள்ளால போற மாதிரி இருக்கு. இதை இன்னொருக்கா எடுக்க வேணும்."

அவள் "சரி ரீச்சர்" என்று படத்தை வாங்கிப் பையில் வைத்தாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

மூன்றாம் மாதம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மை அல்ல. "சின்னக் கருத்துக்கு இவ்வளவு கோவமோ" என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அவள் பிளேன்ரீ தந்துவிட்டு, கேட்காமலே அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"ரீச்சர், வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். கொட்டகைத் தடி கூர்மையாகத் தெரிந்தது. அம்மாவின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. சேலைக் கரையின் பூவும் தெரிந்தது. எடுத்தவளின் கை ஆடியிருந்தால் படம் முழுவதுமே மங்கியிருக்கும். இங்கே மங்கியிருந்தது அம்மாவின் வலது கை மட்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கமரா கூடுதல் நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் எது அசைகிறதோ அதுதான் மங்கும். இது பயிற்சியின் இரண்டாம் நாள் பாடம். எனக்குத் தெரிந்த பாடம்.

"அம்மா அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறா, ரீச்சர். ஒரு நாளைக்கு எத்தினை தரம் துடைக்கிறவ எண்டு நான்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். அதைத்தான் எடுத்தனான். நீங்கள் பிழை சொன்னது எனக்குக் கோவமில்லை. அது என்ன எண்டு நீங்கள் ஒரு வார்த்தை கேக்கேல்லை. அதுதான்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள். "கயிறு சொன்னது சரி. ஒரு அடி தள்ளி நிண்டு எடுத்திருக்கலாம்."

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். "வடிவா இருக்கு" என்று சொன்னபோதும் நான் படத்தைப் பார்க்கவில்லை. பிழை பிடித்தபோதும் பார்க்கவில்லை. முதலாவதில் பாவம் பார்த்தேன், இரண்டாவதில் என் கெட்டித்தனத்தைப் பார்த்தேன்.

பயிற்சி தந்த பிள்ளைக்கு அன்றிரவு தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அமெரிக்காவில் லிஸ் லேர்மன் என்ற நடனக் கலைஞர் 1990 இல் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தவர் என்று அவள் விளங்கப்படுத்தினாள். அதில் நான்கு படிகள். முதலில், பார்த்தவர்கள் தங்கள் மனதில் பட்டதைச் சொல்லவேண்டும். இரண்டாவது, ஆக்கியவர் தனக்கு எதில் கருத்து வேண்டுமோ அதைக் கேட்கலாம். மூன்றாவது, பார்த்தவர்கள் உள்ளே அபிப்பிராயம் ஒளித்துவைக்காத கேள்விகளைக் கேட்கவேண்டும். கடைசியாகத்தான் அபிப்பிராயம். அதையும் "சொல்லலாமோ?" என்று அனுமதி கேட்டுத்தான் சொல்லவேண்டும். ஆக்கியவர் "வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது படிதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தனீங்கள்?" என்பது பார்வைக்குக் கேள்வி, உள்ளே குற்றச்சாட்டு. "வெளிச்சத்தை எப்பிடி யோசிச்சு எடுத்தனீங்கள்?" என்பதுதான் கேள்வி. விசாரணைகளுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போன எங்களுக்கு இந்த வித்தியாசம் உடனே விளங்கியது. ஆனால் வாயில் வருவதற்கு மாதங்கள் எடுத்தது. "ஏன்" என்று யாராவது தொடங்கினால் பெரியம்மா செருமுவா.

தங்கச்சி திரும்பி வந்தாள். எல்லாரும் சேர்ந்து எங்களுக்கு ஏற்றபடி ஒரு பிறிஸ்டல் போர்ட்டில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டினோம்.

1. படத்தைக் கையில் எடுத்து, இருபது எண்ணும்வரை பேசாமல் பார்க்கவேண்டும்.

2. முதலில் கண்டதைச் சொல்லவேண்டும். நல்லது, கெட்டது பிறகு.

3. கேட்டுவிட்டுச் சொல்லவேண்டும். "சொல்லலாமோ" என்றும் கேட்கவேண்டும்.

4. படத்தைப் பற்றித்தான் கதைக்கவேண்டும். எடுத்தவவைப் பற்றி அல்ல. "உங்களுக்கு வெளிச்சம் விளங்கேல்லை" என்று சொல்லக்கூடாது. "இந்த முகத்தில வெளிச்சம் காணாது" என்று சொல்லலாம்.

5. குறை சொன்னால், அடுத்த முறை செய்யக்கூடிய ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

6. கேட்பவர் இடையில் நியாயம் சொல்லக்கூடாது. எழுதிக்கொள்ளவேண்டும். ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

7. சில படங்கள் கருத்துக்கு அல்ல, காட்டுவதற்கு மட்டும். "இது காட்ட மட்டும்" என்று சொல்லிவிட்டால் எல்லாரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

ஏழாவதைச் சேர்க்கச் சொன்னவ பெரியம்மா. அந்த மாதம் அவ கொண்டுவந்தது மகளின் புதைகுழி இருந்த இடத்தில் வளர்ந்த ஒரு வேப்பமரத்தின் படம்.

இந்த முறையால் முதலில் பயன்பெற்றது தையல் அக்காதான். "ஆளை யன்னலுக்கு முதுகு காட்டாமல், யன்னலைப் பாத்து நிக்க விடுங்கோ. நீங்கள் யன்னல் பக்கம் நில்லுங்கோ" என்று ஒருவர் சொன்னார். "போனில எண்டால் முகத்துக்கு மேல விரலால தொடுங்கோ, அந்த முகத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் கூடும்" என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் ஒரு நிமிடப் பேச்சு. ஆறு மாதம் முன்னமே சொல்லியிருக்கக்கூடிய பேச்சு. ஐப்பசியில் அவ எடுத்த ஒரு பிறந்தநாள் வீட்டுப் படங்களுக்குப் பேசிய காசு முழுவதும் கிடைத்தது.

கருத்துச் சொல்லப் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கேட்கும் முறை எனக்கு வந்தது.

2019 மாசியில் மகளிர் தினத்துக்காக ஒரு கண்காட்சி நடக்க இருந்தது. ஆளுக்கு ஒரு படம் கேட்டிருந்தார்கள். நான் எங்கள் ஊரில் கச்சான் செய்கிற ஒரு ஆச்சியை எடுத்திருந்தேன். கச்சான் பிடுங்கிப்போட்ட தரையில் ஆச்சி குந்தி இருக்கிறா, மண் படிந்த கை, அண்ணாந்து பார்க்கும் முகம், நல்ல காலை வெளிச்சம். எனக்கு அந்தப் படத்தில் பெருமை. எல்லாரும் கண்டதைச் சொன்னார்கள். வெளிச்சம் நன்று, கை நன்று என்றார்கள். தங்கச்சி மட்டும் இருபதையும் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ? நீங்கள் எதில நிண்டு எடுத்தனீங்கள்?"

"வரம்பில."

"ஆச்சி என்னத்தைப் பாக்கிறா?"

"என்னைத்தான்."

"கருத்துச் சொல்லலாமோ?"

"வேண்டாம்" என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. சொல்லத்தான் மனம் வந்தது. எட்டுப் பேரின் முன்னால், என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவளிடம். "சொல்லுங்கோ" என்றேன்.

"மேல நிண்டு எடுத்ததால, ஆச்சி உங்களிட்ட ஏதோ கேட்டு நிக்கிற மாதிரித் தெரியிறா. முகாமில எங்களையும் இப்பிடித்தான் எடுத்தவை."

காது சூடாகிவிட்டது. "வெயில் ஏறமுதல் எடுக்கவேண்டி இருந்தது", "ஆச்சி குந்தி இருந்தா, நான் என்ன செய்யிறது" என்று நூறு நியாயம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆறாவது விதி சுவரில் இருந்து என்னைப் பார்த்தது. கொப்பியில் "மேலே நின்று" என்று மட்டும் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

அப்போது பெரியம்மா பயிற்சியில் பார்த்த ஒரு படத்தை நினைவுபடுத்தினா. 1936 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பட்டாணி பிடுங்கும் கூலிகளின் முகாமில், டொரத்தியா லாங் என்ற பெண் எடுத்த ஒரு தாயின் படம். இரண்டு பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்க, தாய் கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்ப்பா. உலகம் முழுவதும் தெரிந்த படம். "படம் எப்பிடி எண்டு அந்த மனிசியிட்ட ஆரும் கேட்டவையோ?" என்றா பெரியம்மா.

பயிற்சி தந்த பிள்ளையிடம் விசாரித்தேன். லாங் அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லையாம். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அந்தப் பெண் யார் என்பது 1978 இல்தான் வெளியே தெரிந்தது. தன்னை அவர் படம் எடுத்திருக்கவே வேண்டாம் என்றும், அதனால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றும் அவர் அப்போது சொல்லியிருக்கிறார். அந்தப் படம் எடுக்கப்பட்டதால் முகாமுக்கு உணவு போனதும் உண்மைதான். ஆனால் படத்தில் இருந்தவவின் கருத்து வெளியே வர நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

அடுத்த நாளே என் படத்தைக் கொண்டு ஆச்சியிடம் போனேன். "ஆச்சி, படம் எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதில என்ர கச்சான் எங்க பிள்ளை?" என்றா.

உண்மைதான். ஆய்ந்து குவித்த கச்சான் ஆச்சிக்குப் பக்கத்தில் ஒரு பாயில் கிடந்தது. மூன்று மாத உழைப்பு. நான் முகத்துக்கு ஆசைப்பட்டு அதை வெட்டிவிட்டேன். முகமும் கையும் மட்டும் தெரிந்தால் ஒரு ஏழைக் கிழவி. கச்சான் குவியலும் தெரிந்தால் ஒரு தோட்டக்காரி.

அன்று நான் மண்ணில் இருந்து, ஆச்சியின் கண் மட்டத்துக்குக் கமராவைப் பிடித்து எடுத்தேன். ஆச்சி குவியலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நேராகப் பார்த்தா. அந்தப் படம்தான் கண்காட்சிக்குப் போனது. போகமுதல் ஆச்சிக்கு ஒரு பிரதி கொடுத்தேன். எங்கள் பிறிஸ்டல் போர்ட்டில் எட்டாவது விதியும் வந்தது: படத்தில் இருப்பவருக்கு முதலில் காட்டவேண்டும்.

2020 இல் கொரோனா வந்து கூட்டம் நின்றுபோனது. பிறகு சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள், சிலருக்கு வேலை. இப்போது ஐந்து பேர்தான் கூடுகிறோம். தையல் அக்காவின் மூத்த மகளும் சில வேளை வருவாள். அவள் எங்களைவிட வடிவாகப் பார்க்கிறாள்.

கருத்துக் கேட்பது இன்றைக்கும் எனக்கு இலேசாக இல்லை. காது இன்னும் சூடாகும். ஆனால் ஒருவர் என் படத்தை இருபது எண்ணும்வரை பார்த்துவிட்டு "சொல்லலாமோ?" என்று கேட்கும்போது, அவர் என்னைப் பாவம் என்று விடவில்லை, என்னால் முடியும் என்று நம்புகிறார் என்பது தெரிகிறது. தைக்கிற சட்டையோ, சுடுகிற பலகாரமோ, பிள்ளை எழுதிக் காட்டும் கட்டுரையோ, எதுவாக இருந்தாலும் உங்கள் பக்கத்தில் இருக்கும் பெண் அதை உங்களிடம் நீட்டும்போது நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்.

ஆச்சியின் இரண்டாவது படத்தைக் குழுவில் காட்டியபோது எல்லாரும் இருபது எண்ணினார்கள். பிறகு பெரியம்மா என்னைப் பார்த்து, "சொல்லலாமோ ரீச்சர்?" என்றா.

"சொல்லுங்கோ பெரியம்மா."

"கீழ் மூலையில கறுப்பா ஒண்டு கிடக்கு. உம்மட நிழல். அடுத்தமுறை வெயிலுக்கு முதுகைக் காட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில இரும்."

கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன்.